இரக்கத்துக்கு விற்ற பைகள்

சிறையிலிருந்து விடுதலையான பெண்களுக்கு வேலை தருவதற்காகவே துணிப்பை தைக்கும் கூடம் ஒன்றைத் தொடங்கினேன். பதிவு செய்யப் போன இடத்திலேயே முதல் முட்டல். “லாபமா, தர்மமா?” என்றார் அதிகாரி. இரண்டும்தான் என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இத்தாலியின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே சமூகக் கூட்டுறவு என்ற வடிவத்தைத் தந்திருக்கிறது. வேலை தருவதற்காக அமைபவற்றில், தொழிலாளர்களில் 30 சதவீதமாவது நலிந்த பிரிவினர் இருந்தாக வேண்டும். அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை. கம்பெனியாகவே பதிந்தேன். அதன்பின் நன்கொடையாளர்கள் என்னை வியாபாரி என்றார்கள், வங்கி என்னைத் தொண்டு நிறுவனம் என்றது.

முதல் ஆர்டர் 300 பைகள். பாதிப் பைகளில் கைப்பிடி பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அடியில் குறுக்குத் தையல் போடவில்லை. வாங்கியவர் கோபப்படவில்லை. “பரவாயில்லை, நல்ல காரியத்துக்குத்தானே வாங்கினோம்” என்றார். பெரிய மனது என்று நெகிழ்ந்துபோனேன். அவர் மறுபடி வரவே இல்லை. திட்டியிருந்தால் திருத்திக் கொடுத்து அவரைத் தக்கவைத்திருப்பேன்.

அந்தப் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தையல் பிரிவில் மூத்தவர் கேட்டார்: “கல்லைப் போட்டு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தால் என்னம்மா?” இரண்டு செங்கற்களைப் போட்டு ஆணியில் மாட்டினோம். அன்றிலிருந்து தைத்து முடிக்கும் ஒவ்வொரு கட்டுப் பைகளிலிருந்தும் ஒன்று அப்படித் தொங்குகிறது.

கணக்கில்தான் நான் அதிகம் தடுமாறினேன். புதிதாக வருபவர் கை பழக மூன்று மாதம் ஆகும். அந்தச் செலவையும் பையின் விலையில் ஏற்றியிருந்தேன். அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? பிறகு இரண்டு பேரேடு வைத்தேன்: தைக்கும் செலவு வாடிக்கையாளருக்கு, பழக்கும் செலவு மானியத்துக்கு. கணக்கு தெளிந்தது, பணம் வரவில்லை. மானியம் இழுத்தடித்தது, வாடிக்கையாளர் 60 நாள் தவணை கேட்டார், கூலியோ சனிக்கிழமை தவறாமல் தர வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் தூங்கியதில்லை. கடைசியில், பாதித் தொகையை முன்பணமாகத் தந்தால்தான் துணியை வெட்டுவது என்று முடிவெடுத்தேன். இரண்டு பேர் விலகினார்கள், மற்றவர்கள் தந்தார்கள்.

சென்ற ஆண்டு மூன்று மடங்கு ஆர்டர் வந்தது. அனுபவமுள்ள தையல்காரர்களை வைத்தால் முடித்துவிடலாம், பணம் போடுகிறேன் என்றார் ஒரு முதலீட்டாளர். அப்படிச் செய்தால் எங்கள் பெண்கள் எங்கே உட்காருவார்கள்? பாதி ஆர்டரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

போன வாரம் நள்ளிரவில் பை தடாலென்று விழுந்தது. காலையில் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். தையல் அப்படியே இருந்தது. சுவரிலிருந்து ஆணி பெயர்ந்திருந்தது.