பனியில ஃபெசன்ட் வேட்டைக்குப் போய் வந்த கதை

கல்யாணமாகி நாலு வருஷமா டிசம்பர்ல மாமனார் வீட்டுக்குப் போறப்பல்லாம், மத்தவங்க நாயைக் கூட்டிட்டு ஃபெசன்ட் (நீள வாலுள்ள, காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) வேட்டைக்குக் கிளம்புவாங்க, நான் அடுப்படி ஜன்னல்கிட்ட உக்காந்து காபி குடிச்சுட்டு இருப்பேன். மேற்கு மினசோட்டா, லாக் கி பார்ல் கவுண்டி. மக்காச்சோளம் அறுத்த வயல், நடுநடுவுல சம்பங்கோரை மண்டின சதுப்பு, அவ்வளவுதான் ஊரு. போன வருஷம் மாமனார், "உனக்கும் ஒரு துப்பாக்கி இருக்கு, வர்றியா"ன்னார், யோசிக்காம சரின்னுட்டேன்.

சரின்னு சொன்னப்புறம்தான் வேலையே. மினசோட்டால 1979க்கு அப்புறம் பொறந்தவங்க துப்பாக்கி பாதுகாப்பு கோர்ஸ் முடிச்சிருந்தாத்தான் லைசன்ஸ், அதை ஆன்லைன்லயே ராத்திரி ராத்திரி உக்காந்து முடிச்சேன். லைசன்ஸ் மட்டும் போதாது, ஃபெசன்ட் ஸ்டாம்ப்புன்னு தனியா ஒரு அனுமதியும் வாங்கணும். இன்னொண்ணு, எச்1பி மாதிரி விசால இருக்கவங்க கவனிங்க, செல்லுபடியாகுற வேட்டை லைசன்ஸ் மாதிரி விதிவிலக்கு எதுவும் இல்லாம துப்பாக்கியைக் கையில வச்சிருக்கறதே ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி குற்றம். "மச்சான் குடு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்"னெல்லாம் விளையாடாதீங்க.

துப்பாக்கி மாமனாரோட தாத்தாவோடது. ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த், 16 கேஜ் (குழலோட அகல அளவு), பிலடெல்பியால செஞ்ச டபுள் பேரல், அதாவது ரெட்டைக் குழல், கட்டை எல்லாம் கை பட்டுப் பட்டு கருத்துக் கெடக்கு. இதுல பெரிய சிக்கல் என்னன்னா அந்தக் காலத்து 16 கேஜ் நிறையவற்றுக்கு தோட்டா உக்கார்ற சேம்பர் நீளம் குறைவு, இப்ப கடையில கிடைக்கிற 2¾ இன்ச் தோட்டாவை அதுல போட்டா உள்ள போயிடும் ஆனா வெடிக்கிறப்ப முனை விரிய இடம் இல்லாம அழுத்தம் ஏறும். அதனால முதல்ல கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுத்து அளந்தோம், சின்னதுதான். சரி சின்னத் தோட்டா வாங்கலாம்னா, நாங்க போற இடத்துல பாதி ஃபெடரல் நிலம், அங்க ஈயக்குண்டு கூடாது. ஸ்டீல் போடலாம்னா பழைய பேரலுக்கு அது ஆகாது, ரொம்பக் கடினம். கடைசில 2½ இன்ச் பிஸ்மத் (ஸ்டீலைவிட மெதுவான ஒரு உலோகம்) தோட்டா, விலையைக் கேட்டா வேட்டை ஆசையே போயிடும்.

அன்னைக்கு மைனஸ் 13 டிகிரி. காலைல 9 மணிக்கு முன்னாடி சுடக்கூடாதுங்கறதால ட்ரக்குல ஹீட்டர் போட்டு உக்காந்திருந்தோம், மாமனார், மச்சினன், நான், பின்னாடி ரெண்டு நாய், 11 வயசு கருப்பு லாப்பும் (லாப்ரடார்) ரெண்டு வயசு ஜெர்மன் ஷார்ட்ஹேரும். என் வீட்டுக்காரம்மா ஏற்கனவே சதுப்போட மறுகோடியில போய் பறவை தப்பிக்காம மறிச்சு நின்னாச்சு. மணியானதும் நான் எறங்கி ஊர்ல கார் கதவைச் சாத்துற மாதிரி டமால்னு சாத்தினேன். அவ்வளவுதான், இருநூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் கோரைக்குள்ளேருந்து இருபது முப்பது பறவை ஒண்ணா எழும்பி அடுத்த கவுண்டிக்கே போயிடுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தாக்கூட தேவலாம்.

அக்டோபர்ல சீசன் தொறந்தப்ப சுட்டது சுட்டாச்சு, டிசம்பர்ல மிச்சம் இருக்கறதெல்லாம் விவரமான சேவல்ங்க. பறக்காது, ஓடும். ஒரே நல்ல விஷயம், சதுப்பு உறைஞ்சுட்டதால மத்த மாசத்துல போக முடியாத எடத்துக்குள்ளயும் நடக்கலாம். நடக்கலாம்னா என்ன, ஆளுயரக் கோரை, தட்டினா பஞ்சு மூக்கு வாயெல்லாம் ஏறுது, கீழ பனி முட்டிவரைக்கும். ரெண்டாவது சதுப்புல காத்துக்கு எதிரா நடந்தோம், பேச்சே கிடையாது, கை சாடைதான். திடீர்னு ஷார்ட்ஹேரோட வாலாட்டம் நின்னுச்சு, பக்கத்துல பறவை இருக்குன்னு அர்த்தம். காலடியிலேருந்து படபடன்னு ஒண்ணு எழும்ப நான் துப்பாக்கியைத் தூக்க, "ஹென்! ஹென்!"னு கத்துறாங்க. பெட்டையைச் சுடக்கூடாது. அடுத்து கொக்கரிச்சுக்கிட்டே ஒரு சேவல், ட்ரிக்கரை அழுத்துறேன், அசையல. இந்தத் துப்பாக்கில தொறந்து மூடினா சேஃப்டி (ட்ரிக்கரைப் பூட்டி வைக்கறது) தானா போட்டுக்கும், நான் எடுக்க மறந்துட்டேன்.

மூணாவதா எழும்பின சேவலை நானும் மச்சினனும் ஒரே நேரத்துல சுட்டோம். விழுந்துச்சு, ஆனா இறக்கைலதான் அடி, விழுந்த எடத்துல ஆளைக் காணோம். கிழட்டு லாப் மடிஞ்சு கெடந்த கோரைக்கடியில தலையை விட்டு, பின்பாதி மட்டும் வெளிய தெரிய, ரெண்டு மூணு நிமிஷம் முண்டிக்கிட்டு இருந்துட்டு வாய்ல கவ்விட்டு வந்துச்சு. அதுக்குள்ள அதோட விரலிடுக்குல பனி உருண்டை உருண்டையா கட்டி நொண்டிக்கிட்டு இருந்துச்சு, மாமனார் கையுறையைக் கழட்டிட்டு ஒவ்வொரு பாதமா கையில பொத்தி உருக்கி எடுத்தார். டிசம்பர்ல ஆளுக்கு மூணு சேவல் அடிக்கலாம், நாலு பேருக்கும் சேத்து அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு.

ராத்திரி நான் மிளகு வறுவல் போட்டேன். அந்தச் சேவலை யார் சுட்டதுன்னு சாப்பாட்டு மேசைல பஞ்சாயத்து, மாமியார் எழுந்து போய் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துட்டு வந்தாங்க. மச்சினன் போட்டது ஸ்டீல், ஒட்டும், என்னோட பிஸ்மத் ஒட்டாது. கறியில இருந்த ரெண்டு குண்டை தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிருந்தோம். ஒண்ணு ஒட்டுச்சு, ஒண்ணு ஒட்டல.