மெரிமாக் கரையில் ஒரு மைல் செங்கல்

நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஒரு காலத்தில் துணி நெய்தார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் உள்ள மான்செஸ்டர் ஊர். மெரிமாக் ஆற்றின் கிழக்குக் கரையில் ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குச் செங்கல் கட்டடங்கள். இப்போது உள்ளே சாப்ட்வேர் கம்பெனிகள், பல்கலைக்கழக வகுப்புகள், சாப்பாட்டுக் கடைகள்.

இதெல்லாம் 1831இல் தொடங்கிய ஆமஸ்கெக் கம்பெனியுடையது. ஆமஸ்கெக் அருவியில் ஆறு ஐம்பது அடிக்கு மேல் இறங்குகிறது. அந்த விசைக்காகத்தான் மில் இங்கே வந்தது. ஆற்றை ஒட்டி மேல் வாய்க்கால், கீழ் வாய்க்கால் என்று இரண்டு வெட்டி, மேலே இருந்து கீழே தண்ணீரை விழவைத்துச் சக்கரம் சுழற்றினார்கள். 1838 முதல் தெருப் போட்டு, மனை விற்று, ஊரை உண்டாக்கியதும் கம்பெனியேதான்.

கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த மாமனாரை இங்குள்ள மில்யார்டு மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்றாம் நம்பர் மில்லில்தான் அது இருக்கிறது. மாமா நூல் மில்லில் டாஃபராக, அதாவது நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றுபவராகச் சேர்ந்து, சைடராக, அதாவது நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவராக ரிட்டையர் ஆனவர். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி: “எத்தனை ஸ்பிண்டில் அம்மணி?”

ஸ்பிண்டில் என்றால் நூலை முறுக்கும் கதிர். ஆறு லட்சத்துக்கு மேல், தறி மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் என்றேன். மாமா நம்பவில்லை. உச்சத்தில் 17,000 பேர் வேலை பார்த்தார்கள், மணிக்கு ஐம்பது மைல் நீளத் துணி வந்தது என்று படித்துச் சொன்னதும், “அப்ப காத்துல பஞ்சு எவ்வளவு பறந்திருக்கும்!” என்றார். லீவைஸ் ஜீன்ஸின் ஆரம்ப காலத் துணி இங்கிருந்து போனது என்ற செய்தியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. குழந்தைத் தொழிலாளர்களைப் படம் பிடித்த லூயிஸ் ஹைன் 1909இல் இந்த மில்லில் எடுத்த சிறுவர்களின் படங்களைப் பற்றிச் சொன்னபோதுதான் நின்று கேட்டார். “எங்க காலத்துலயும் வயசைக் கூட்டிச் சொல்லித்தான் சேர்ந்தாங்க.”

வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டால் இங்கே எல்லோரும் தெற்கு மாநிலங்களைக் கை காட்டுவார்கள். பஞ்சு அங்கே, கூலியும் குறைவு. மின்சாரம் வந்த பிறகு மில்லுக்கு ஆறே தேவையில்லை. உண்மைதான். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்டு வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகியதும் அப்படித்தானே. ஆனால் எனக்கு அது பாதிக் கதை. 1922இல் கூலியை 20 சதவீதம் வெட்டி, வாரத்துக்கு 48 மணி நேரத்தை 54 ஆக்கினார்கள். ஒன்பது மாதம் வேலைநிறுத்தம். முடிந்தபோதும் அந்த 54 போகவில்லை. மூன்று வருடம் கழித்து, 1925இல், கம்பெனியை இரண்டாகப் பிரித்துக் கையிருப்பில் பெரும்பங்கைத் தனிக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இயந்திரங்கள் மட்டும் மில்லின் பங்கு. இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். அவர் மில்லும் மூடிப்போனதுதான். “பணத்தை முதல்ல வெளிய எடுப்பாங்க. அப்புறம்தான் நட்டக் கணக்கு காட்டுவாங்க.”

1935 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திவால் மனு. அடுத்த மார்ச்சில் பெருவெள்ளம் வேறு. அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை: சேர்ந்து ஒரு அமைப்பை உண்டாக்கி, 50 லட்சம் டாலருக்கு மொத்த வளாகத்தையும் வாங்கி, சின்னச் சின்னத் தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அப்படிக் காப்பாற்றியதை 1960களின் இறுதியில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி இடிக்கத் தொடங்கினார்கள். ரோடும் பார்க்கிங்கும் வேண்டுமாம். பல கட்டடங்கள் போயின. வாய்க்கால் இரண்டையும் தூர்த்துவிட்டார்கள். மில் மூடியதற்குச் சந்தை, தெற்கு என்று யாரையாவது சொல்லலாம். இதற்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

மியூசியம் இருக்கும் அதே கட்டடத்தில், அறிவியல் மையத்தில், 1900 வாக்கில் இருந்த வளாகத்தை ஏறக்குறைய 30 லட்சம் லெகோ கட்டிகளால் கட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு வந்தால் அதைத் தவறவிடாதீர்கள். இடித்த கட்டடங்களும் தூர்த்த வாய்க்கால்களும் அதில் இருக்கின்றன. பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும்.