தண்ணீர் பவுசருக்கு ஒரு படிவம்

கடந்த கோடையில், இலங்கையின் யாழ்ப்பாணத் தீவகத்துப் பிரதேச சபை ஒன்றுக்காகத் தண்ணீர் பவுசர் (தண்ணீர்த் தாங்கி லொறி) கேட்டு விண்ணப்பிக்கும் இணையப் படிவத்தைச் செய்துகொடுத்தேன். செலவழிக்கக் காசில்லை, கூட வேலை செய்ய ஆளுமில்லை. பிரித்தானிய அரசு 2018இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட கவ்.யூகே (GOV.UK) வடிவமைப்புத் தொகுப்பைத்தான் எடுத்துக்கொண்டேன். படிவங்களுக்கான ஆயத்தப் பெட்டிகளும் பொத்தான்களும், அவற்றுக்கான வழிகாட்டிக் குறிப்புகளும் அதில் இருக்கின்றன. அதன் நிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது, யாரும் எடுத்து மாற்றலாம். ஆனால் அவர்களுடைய எழுத்துருவையும் முடிச் சின்னத்தையும் வெளியார் பயன்படுத்தக் கூடாது. அந்த எழுத்துருவுக்குப் பதிலாக நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டேன். மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யில் போய் முட்டியது. வரி இடைவெளியைக் கூட்டிய பிறகே வாசிக்க முடிந்தது.

முதல் வரைவை அயலில் இருக்கும் ஓர் ஆச்சியிடம் கொடுத்தேன். ‘முதற் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்ற இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியைத் திருப்பி நீட்டினார். “தம்பி, இதில் தகப்பன் பெயரைப் போடுவதா, அவருடைய பெயரைப் போடுவதா?” அவர் என்றது கணவரை.

அன்றிரவு தொகுப்பின் வழிகாட்டிக் குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். எல்லோருடைய பெயரும் இரண்டாகப் பிரியாது, முடிந்தால் முழுப் பெயரை ஒரே பெட்டியில் கேளுங்கள் என்று அதிலே இருக்கிறது. நிரலை மட்டும் அள்ளிக்கொண்டு குறிப்பைப் படிக்காமல் விட்டது என் பிழை. என்னைக் கேட்டால், இந்தத் தொகுப்பில் பெறுமதி கூடியது அந்தக் குறிப்புகள்தான்.

அடையாள அட்டை இலக்கத்துக்கு அங்கே எதுவும் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 இலக்கங்கள். பிறந்த நாள், ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாக அதற்குள் இருக்கும். பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூடும். இரண்டையும் சரிபார்க்கும் நிரலை இரண்டு நாள் இருந்து எழுதினேன். பிறகு சபையின் எழுதுவினைஞர் கேட்டார்: “தண்ணீர் கொடுக்க அடையாள அட்டை எதற்கு?” அந்தக் கேள்வியையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். எழுதிய நிரலைத் திறந்த மூலமாகப் போட்டிருக்கிறேன். வேறு சபைகளுக்கு உதவும். 2004 சுனாமிக்குப் பின் பேரிடர் நிவாரணத்துக்கென்று சஹானா மென்பொருளைத் திறந்த மூலமாக எழுதிய நாடு இது. நாமும் கொஞ்சம் கொடுக்கத்தானே வேண்டும்.

முகவரிக்கும் தபால் குறியீட்டுப் பெட்டி உதவவில்லை. ‘பவுசர் எங்கே நிற்க வேண்டும்?’ என்று ஒரே பெட்டியாக வைத்தேன். ஆச்சி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: ‘வைரவர் கோவிலடி ஒழுங்கை, இரண்டாவது படலை’.

பவுசர் நேரே அங்கே போய் நின்றது.