பதினான்கு கிணறுகளும் ஒரு பக்க ரெஸ்யூமும்

எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டில், அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்படி யாரும் போய் நான் பார்த்ததில்லை. பிரவுசிங் சென்டரில் கிடைத்த மாதிரியை வைத்து ரெஸ்யூம் இரண்டு பக்கம் நிரப்பினேன். அப்பா பெயர், மதம், 'கடின உழைப்பாளி', கடைசியில் உறுதிமொழியும் கையொப்பமும். பி.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஒரே வரி: 'கிணற்று நீர்ப் பரிசோதனை'.

பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனபோது சார் அதைப் படித்துவிட்டு, "நீ என்ன பண்ணினேன்னு இதுல எங்கம்மா இருக்கு? உன் அப்சர்வேஷன் நோட்டை எடுத்துட்டு வா" என்றார்.

அம்மோனியா பஃபர் சிந்தி ஊறிப்போன நோட்டு அது. பதினான்கு கிணறுகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை, தண்ணீரின் கடினத்தன்மையை (அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை) காட்டும் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு சொட்டுக்காகப் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு கிணறுகளில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. வேறு குடிநீர் இல்லாவிட்டால்கூட அதற்குமேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இதையெல்லாம் நான்கு வரியில் எழுதச் சொன்னார். எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு வரியும் 'சேகரித்தேன்', 'அளந்தேன்', 'ஒப்பிட்டேன்' என்று நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும் என்றார்.

முதலில் எழுதியிருந்த பைத்தான், மேட்லேப் என்ற கணினி மொழிகள் இரண்டையும் எடுத்துவிட்டேன், எனக்குத் தெரியாது. எக்செல் இருந்தது, அதில் திட்டவிலக்கம் போட்டதைச் சேர்த்தேன். மதிப்பெண் 71 விழுக்காடு. அதை மறைக்கவில்லை. மதமும் உறுதிமொழியும் போனதும் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

ஆர்வம் என்ற இடத்தில்தான் அதிகம் யோசித்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் என் தம்பியின் முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது. கல்லூரியில் அதை அளக்கும் எலெக்ட்ரோடு இல்லை. 'அதே பதினான்கு கிணறுகளில் ஃபுளோரைடை அளக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்' என்று எழுதினேன்.

இடம் கிடைத்தது. முதல் நாள் அங்கிருந்த பேராசிரியர் என் ரெஸ்யூமைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு கிணறும் எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். நான் அளந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டு, கயிறு விட்டுப் பார்க்கச் சொன்னேன்.