பைண்டிங் மேசையில் கத்திக்கு வேலை குறைவு

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று மறுகட்டுக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது முதுகை. முன்பு அதைக் கட்டியவர் எப்படித் தைத்தார், என்ன பசை போட்டார், எவ்வளவு வெட்டினார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். நாம் செய்யப்போகும் வேலையில் பாதியை அவர் அப்போதே முடிவு செய்திருப்பார்.

அச்சுக்கோத்து அடித்த காலத்துப் புத்தகங்களில் பக்கவாட்டுத் தையல் நிறைய உண்டு. முதுகிலிருந்து கால் அங்குலம் தள்ளித் துளையிட்டு, எல்லாப் பாரங்களையும் (பெரிய தாளை அச்சடித்து மடித்த பக்கத் தொகுப்புகள்) மேலிருந்து கீழாக ஊடுருவி ஒரே இழுப்பில் கட்டிவிடுவது. வேலை சீக்கிரம் முடியும், கட்டும் இறுக்கமாக நிற்கும். ஆனால் மரக்கூழோடு படிகாரமும் ரெசினும் சேர்த்துச் செய்த மலிவுக் காகிதம், அமிலத்தால் வருஷத்துக்கு வருஷம் முறுகிக்கொண்டே போகும். பக்கத்தையல் போட்ட புத்தகம் முழுதாக விரியாது. புரட்டும்போதெல்லாம் தாள் அந்தத் தையல் கோட்டிலேயே மடங்கும், ஒருநாள் அங்கேயே ஒடியும். அதற்கு மறுபடியும் பக்கத்தையல் போட்டு, மூன்று ஓரத்தையும் கட்டிங் மிஷினில் விட்டு ‘புதுசு மாதிரி’ ஆக்கித் தருவது வழக்கம். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் போனாலே மூன்றாம் கட்டில் பக்க எண்ணும், யாரோ பென்சிலில் எழுதிய ஓரக் குறிப்பும் குப்பைக்குப் போய்விடும். பழைய புத்தகத்தின் ஓரத்தை வெட்டவே கூடாது என்பது என் கட்சி. ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தால் படிக்க முடியாமலா போகும்?

பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும். நூலை உருவக் கூடாது. துளைக்குத் துளை இடையில் வெட்டித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பிப் பின்னாக இருந்தால், பின்பக்கம் மடங்கிய இரண்டு கால்களையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்திவிட்டு முன்பக்கமிருந்து தூக்கவேண்டும். முதுகில் காய்ந்திருப்பது மாவுப்பசையா வஜ்ரமா (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை) என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டும் ஈரத்துக்கு இளகும். தண்ணீரைத் தொட்டு வைத்தால் மடிப்பு கூழாகிவிடும். அதற்குப் பதில் கெட்டியான புது மாவுப்பசையையே முதுகில் தடிமனாகப் பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டு வழித்தெடுப்பது நல்லது. கடையில் வாங்கும் வெள்ளைப்பசை காய்ந்திருந்தால் இது பலிக்காது. அது ரப்பர் மாதிரி உரியும்போது காகித நாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

பிரித்ததும் பாரங்களைச் சரிபார்க்கும்போது பக்க எண்ணை மட்டும் நம்பக் கூடாது. முன்னுரைக்கு ஒரு வரிசை, நூலுக்கு வேறு வரிசை, படத்தாள்களுக்கு எண்ணே இருக்காது. பழைய அச்சகத்தார் பாரத்தின் முதல் பக்க அடியில் பொடி எழுத்தில் பார எண் போட்டிருப்பார்கள். நம்பகமான துணை அதுதான். பிறகு எழுத்தில்லாத ஒரு மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது மடிப்பிலேயே ஒடிந்தால் அந்தப் புத்தகத்துக்குத் தையல் வேண்டாம். ஸ்கேன் எடுத்துவிட்டு, அளவாக ஒரு அட்டைப்பெட்டி செய்து உள்ளே வைத்துவிடலாம். வாடிக்கையாளருக்கு இது பிடிக்காது. சொல்லிப் புரியவைப்பதும் வேலையில் சேர்ந்ததே.

தைக்கத் தாங்கும் என்றால், கிழிந்த மடிப்புகளுக்கு ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஜப்பானிய மெல்லிய தாளை ஒட்டி மடிப்பை மீட்கலாம். எல்லாத் தாளுக்கும் ஒட்டினால் முதுகு புடைத்துவிடும். கிழிந்ததற்கு மட்டும் போதும். நூலிலும் இதே கணக்குத்தான். 320 பக்கப் புத்தகம் என்றால் 16 பக்கப் பாரம் 20. அரை மில்லிமீட்டர் நூலில் தைத்தால் முதுகில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூடும். கொஞ்சம் காகிதத்துக்குள் அமிழும் என்றாலும் புத்தகம் ஆப்பு மாதிரி ஒருபக்கம் தடித்து நிற்கும். பாரம் அதிகமானால் மெல்லிய நூல். பாரம் குறைவாக, காகிதம் மெத்தென்று இருந்தால் தடித்த நூல். டெமி என்னும் நடுத்தரப் புத்தக அளவுக்கு மூன்று நாடா கட்டி, மடிப்பின் நடுவில் தைத்து, இரு முனையிலும் முந்தைய பாரத்தின் நூலோடு கோத்து முடிச்சிட்டால் புத்தகம் மேசைமேல் தானாக விரிந்து கிடக்கும்.

பசைக்கு மைதா 100 கிராம், தண்ணீர் 600 மில்லி. முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, மீதித் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை மங்கிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கி, ஆறியபின் துணியில் ஒருமுறை வடிகட்டலாம். அரைவேக்காட்டில் இறக்கினால் ஒட்டு பிடிக்காது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பயந்து மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது நம் கடைகளில் நெடுநாள் பழக்கம். அது விஷம் என்பது ஒருபுறம். செம்பு உப்பு காகிதம் மக்குவதை வேகப்படுத்தும் என்பது பெரிய குறை. ஒன்றிரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சி, புளித்ததைக் கொட்டிவிடுவது மேல்.

அட்டை, அதன் உட்புறம் ஒட்டும் ஒட்டுத்தாள் எல்லாவற்றின் நார் ஓட்டமும், அதாவது நார்கள் படுத்திருக்கும் திசையும், முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். பசை பட்ட தாள் நாருக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது சுருங்கி இழுக்கும். ஓட்டம் மாறினால் அட்டை வளையும். எவ்வளவு எடை ஏற்றினாலும் நிமிராது. ஈர ஒட்டுத்தாளுக்கும் உள்தாளுக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவாவது பிரஸ்ஸில் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள்.

இப்போது வரும் புத்தகங்களில் பெரும்பகுதி தையலே இல்லாதவை. முதுகைச் சில மில்லிமீட்டர் சீவிச் சூட்டுப்பசையில் அமுக்கியவை. பசையை யாரும் குறை சொல்ல வேண்டாம், சூடு காட்டினால் இளகி வந்துவிடும். ஆனால் சீவியபோதே பாரத்தின் மடிப்பு போய்விட்டது, மிஞ்சியவை ஒற்றைத் தாள்கள். இங்கேதான் வெள்ளைப்பசையை எடுப்பேன். தாள்களைப் பலகைக்கிடையில் இறுக்கி, முதுகை விசிறிபோல ஒருபக்கம் சாய்த்து மெல்லப் பூசி, மறுபக்கம் சாய்த்து மறுபடி பூசினால், ஒவ்வொரு தாளின் இரு முகத்திலும் ஓரமாக அரை மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசை ஏறும். மேலே வலைத்துணி ஒட்டி, பலகையைத் தளர்த்தாமல் காயவிட வேண்டும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் என்றால் இதுவும் சரியாகப் பிடிக்காது.