பிறக்காத குழந்தைக்குக் காத்திருந்த பேஷ்வா பதவி

மராட்டிய அரசின் பேஷ்வாக்கள் என்றதும் எல்லோரும் பாஜிராவின் குதிரைப்படையையும், 1761இல் மராட்டியர் தோற்ற பானிப்பட்டுப் போரையும் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ அந்தப் பதவி கை மாறிய விதம்தான் அதைவிடச் சுவாரசியம்.

சிவாஜி காலத்தில் பேஷ்வா என்பவர் எட்டு அமைச்சர்களில் முதல்வர், அவ்வளவுதான். பிங்ளே குடும்பத்தில் அப்பாவுக்குப் பின் மகன் வந்ததுண்டு, ஆனாலும் அரசர் நினைத்தால் ஆளை மாற்றலாம். மாற்றவும் செய்தார்கள்: 1713இல் எதிரணியிலிருந்த மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே அப்போதைய பேஷ்வாவையே சிறைபிடித்துவிட, சிவாஜியின் பேரன் சாகு மகாராஜா கொங்கணத்துக்காரரான பாலாஜி விஸ்வநாத்துக்குப் பதவியைக் கொடுத்து அனுப்பினார். அவரோ சண்டை போடாமல் பேசியே ஆங்கரேயை சாகு பக்கம் இழுத்துவிட்டார். 1720இல் அவர் இறந்தபோது மகன் பாஜிராவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அரசவைப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், சாகு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1740இல் பாஜிராவின் மகன் நானாசாகேப் வந்தபோதும் எதிர்ப்பு இருந்தது, அதுவும் எடுபடவில்லை. 1749இல் சாகு காலமானதும் அதிகாரம் முழுக்க பேஷ்வாக்கள் இருந்த புனேவுக்குப் போய்விட்டது. சதாராவிலிருந்த சத்ரபதிக்கு, அதாவது மராட்டிய அரசருக்கு, மிஞ்சியது, புது பேஷ்வாவுக்குப் பதவி உடைகள் அனுப்பிவைக்கும் வேலை.

பானிப்பட்டில் நானாசாகேபின் மூத்த மகன் விஸ்வாஸ்ராவ் இறந்து, அதே 1761இல் நானாசாகேபும் இறந்து, அடுத்த மகனான பதினாறு வயது மாதவராவ் பதவிக்கு வந்தார். இந்த வரிசையிலேயே என் பார்வையில் திறமைசாலி இவர்தான். காசநோய் அவரை 27 வயதில் கொண்டுபோனது. அடுத்து தம்பி நாராயணராவ். 1773 ஆகஸ்ட் 30 அன்று புனேவிலிருந்த பேஷ்வா மாளிகையான சனிவார் வாடாவுக்குள்ளேயே அவரைக் காவல் வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். அங்கே இன்றைக்கும் பேய்க்கதை சொல்வார்கள், அதை விடுங்கள், நடந்ததே போதுமான அளவு பயங்கரம். சித்தப்பா ரகுநாதராவ் பேஷ்வா ஆனார். கொலைக்குப் பொறுப்பு அவர்தான் என்று நீதிபதி ராம்சாஸ்திரி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வேலையை உதறிப் போனார்.

அப்புறம்தான் விஷயமே. நாராயணராவின் மனைவி கங்காபாய் அப்போது கர்ப்பிணி. அமைச்சர்களான நானா பட்னாவிஸும் சகாராம் பாபுவும் இன்னும் சிலரும் அவரைப் புரந்தர் கோட்டையில் பத்திரமாக வைத்து அவர் பெயரிலேயே ஆட்சி நடத்தினார்கள். பதவியில் உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒரு பக்கம், வயிற்றிலிருக்கும் சிசு ஒரு பக்கம், சிசுவுக்குத்தான் உரிமை! பெண் குழந்தை பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ. 1774 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. நாற்பதாவது நாள் அது பேஷ்வா, சவாய் மாதவராவ். அரசர் பார்த்துத் தேர்ந்தெடுத்த பதவி அறுபதே ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்துவிட்டது.

ரகுநாதராவ் பம்பாய் ஆங்கிலேயரிடம் ஓடினார், பதவியைத் திரும்பப் பிடிக்க அவர்களுடைய படை உதவி கேட்டு 1775இல் சூரத் ஒப்பந்தம், தொடர்ந்து போர். 1795இல் சவாய் மாதவராவ் மாளிகையிலிருந்து விழுந்து வாரிசில்லாமல் இறந்துபோக, நானா எவ்வளவோ சுற்றி வளைத்துப் பார்த்தும் கடைசியில் பதவி ரகுநாதராவின் மகன் இரண்டாம் பாஜிராவுக்கே போனது. அவர் 1802இல் வசாயில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டார், 1818இல் சரணடைந்தார், ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு கான்பூர் பக்கம் பிட்டூரில் போய் உட்கார்ந்தார். ஆங்கிலேயர்கள் பேஷ்வா பதவியையே ஒழித்துவிட்டு, சதாராவில் சத்ரபதிக்கு ஒரு சின்ன ராஜ்யத்தைக் கொடுத்தார்கள். அது 1848 வரை ஓடியது.