பழைய மெனு கார்டிலிருந்து சமையல் குறிப்புக்கு

1940, 50-களின் பெரிய ரெஸ்டாரன்ட் மெனு கார்டு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அடி ஓரத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். காலம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அமெரிக்கக் கார்டில் '1943 ஏப்ரல் 4 முதல் 10 வரையிலான விலையே எங்கள் உச்சவரம்பு' என்ற வரி இருந்தால், அது போர்க்கால விலைக் கட்டுப்பாட்டுக் காலத்தது. பிரிட்டனில் 1942 முதல் 1950 வரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்தான் உச்சம். ஆடம்பர ஹோட்டல்கள் மட்டும் தனிக் கட்டணம் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அந்நாட்டு அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963-க்கு முன் அச்சாகியிருக்காது. அச்சடித்த மெனு அட்டையை வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். அதனால் கிளிப்பில் செருகிய, டைப் அடித்த துண்டுச்சீட்டையே கூடுதலாக நம்பலாம்.

நியூயார்க் பொது நூலகத்தில் சுமார் 45,000 மெனுக்கள் இருக்கின்றன. ஒரு பகுதியை இணையத்தில் பதார்த்தப் பெயர் கொடுத்தே தேடலாம். தன்னார்வலர்கள் பெயர்த்தெழுதியவை என்பதால் ஒரே பெயரை நாலைந்து விதமான எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

மெனு பெயரை மட்டும்தான் தரும். ஆனால் செவ்வியல் பிரெஞ்சுச் சமையலில் பெயரே பாதிக் குறிப்பு: ஃப்ளோரன்டைன் என்றால் பசலைக்கீரை, துபாரி என்றால் காலிஃபிளவர், கிரேசி என்றால் கேரட். மீதிக்கு 1914-இல் வந்த 'லெ ரெபெர்த்வார் த லா குயிசின்' என்ற பிரெஞ்சுச் சமையல் புத்தகம் போதும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓரிரு வரிதான், அளவே கிடையாது. தொழில் தெரிந்த சமையல்காரருக்காக எழுதியது. பத்திரிகைகளில் வந்த 'ஹோட்டல் ரகசியக் குறிப்பு'களை நான் நம்புவதில்லை. அவை வீட்டு அடுப்புக்காகச் சுருக்கியவை.

சோல் வெரோனிக் (சோல் என்ற தட்டை மீனுடன் திராட்சை சேர்த்த பிரெஞ்சுப் பதார்த்தம்) செய்து பார்த்தால் சிக்கல் புரியும். நாலு பேருக்கு எட்டுத் துண்டு மீன். வெள்ளை ஒயின் 150 மி.லி., மீன் ஸ்டாக் (மீன் எலும்பைக் காய்ச்சி வடித்த சாறு) 150 மி.லி. ஊற்றி, வெண்ணெய் தடவிய காகிதத்தால் மூடி, கொதிக்க விடாமல் வேகவைக்க வேண்டும். ஸ்டாக்கை அரை மணிக்கு மேல் காய்ச்சினால் கசக்கும். மீனை எடுத்து வைத்தபின் அந்த நீரை மூன்றில் ஒரு பங்காக வற்றவிட்டு, கெட்டியான வெலுத்தே சாஸ் (வெண்ணெயில் வறுத்த மாவில் ஸ்டாக் சேர்த்தது) 250 மி.லி. சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கி, 50 கிராம் வெண்ணெயை அடித்துக் கலக்க வேண்டும். இந்தச் சாஸை மீன்மேல் ஊற்றி, மேலிருந்து சூடு தரும் கிரில்லில் வைக்க வேண்டும். மேலே பொன்னிறம் ஏறவில்லை என்பதுதான் பலருடைய புகார். பாதி அடித்த க்ரீம் மூன்று ஸ்பூன் சாஸில் கடைசியாகச் சேர்த்தால் ஏறும். எடுத்து வைத்த மீன் தண்ணீர் விட்டிருக்கும். அதைத் துடைக்காமல் சாஸ் ஊற்றினால் தட்டில் குளம்தான். தோலும் விதையும் நீக்கிக் குளிரவைத்த திராட்சையைக் கிரில்லிலிருந்து எடுத்தபிறகே வைக்க வேண்டும்.

பழைய குறிப்பில் 'ஒரு பைன்ட்' என்று வந்தால் எந்த நாட்டுப் புத்தகம் என்று பாருங்கள். பிரிட்டிஷ் பைன்ட் 568 மி.லி., அமெரிக்கப் பைன்ட் 473 மி.லி. சாஸ் நீர்த்துப்போவதற்கு இந்த வித்தியாசம் ஒன்றே போதும்.